பள்ளத்தாக்கில் மாப்பிள்ளை பார்த்தது

கொரட்டூரில் மலை கிடையாது. உயரம் என்று சொல்ல மூன்று இடங்கள்தான் உண்டு: ஏரிக்கரை, ரயில் நிலையத்தின் இரும்புப் படிக்கட்டுப் பாலம், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. எண்பதுகளின் கடைசியில் என் நண்பன் ஒருவன் இந்த மூன்றிலும் மாறி மாறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். ஏரிக்கரைக்கு விடிகாலையில் ஒதுங்க வருகிறவர்கள், தங்களைக் கணக்கெடுக்க முனிசிபாலிட்டி அனுப்பிய ஆள் இவன் என்று நினைத்து இடத்தை மாற்றிக்கொண்டார்கள். தண்ணீர்த் தொட்டிக் காவலாளி அவனைப் பாதி ஏணியில் மறித்து, வீட்டில் என்ன பிரச்சினை, கடன் ஏதும் உண்டா என்று அன்பாக விசாரித்து இறக்கிவிட்டார்.

அவன் குதிக்கப் போகவில்லை. கல்யாணம் செய்துகொள்ள முயன்றுகொண்டிருந்தான்.

நண்பன் அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டும் நட்டும் செய்யும் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். அவன் விரும்பிய பெண் பக்கத்துக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தாள். ஆவடி குவார்ட்டர்ஸில் வீடு. இருவரும் மாலையில் பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்குத்தான் வர வேண்டும். ஆனால் அவள் வண்டி ஒரு திசை, அவன் வண்டி எதிர்த்திசை. யார் வண்டி முதலில் வந்தாலும் இருவருக்கும் நஷ்டம். மின்சார ரயில் தாமதமானபோது அந்த ஸ்டேஷனில் முகம் மலர்ந்து நின்றிருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

ஒரு வருடம் இப்படிப் போனபின் அவள் வீட்டில் சொல்லிவிட்டாள். அவள் அப்பா கோபப்படவில்லை. அதுதான் நண்பனைக் கலவரப்படுத்தியது.

அவள் அப்பா திருநெல்வேலிக்காரர். ராணுவத்துக்கு வண்டி செய்யும் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். செய்து முடித்த வண்டியில் எடையை ஏற்றி, சேற்றிலும் குழியிலும் சரிவிலும் தண்ணீரிலும் ஓடவிட்டு, முழுசாகத் திரும்பி வந்தால் தேறியது என்று சொல்வது அவர் வேலை. அந்த வேலையை அவர் தொழிற்சாலை வாசலோடு விட்டுவிட்டு வரவில்லை. வீட்டுக்கு வாங்கும் நாற்காலியில் முதலில் அரிசி மூட்டையை உட்கார வைப்பார். மூட்டை ஒரு வாரம் உட்கார்ந்தபின்தான் மனிதர்கள் உட்காரலாம். மகள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதானாம்: "சாதி, சாதகம் எல்லாம் உங்க அம்மை பாத்துக்கிடட்டும். ஓடுமா ஓடாதாங்கிறதை நான் பாக்குதேன்."

ஓட்டிப் பார்க்க அவரிடம் ஓர் இடம் இருந்தது. தொழிற்சாலை மனமகிழ் மன்றத்தில் ஒரு காலத்தில் மலைநடைக் குழு என்று ஒன்றை அவர் நடத்தியிருந்தார். வருடத்துக்கு ஒருமுறை கடப்பைப் பக்கம் போவார்கள். நம் வீட்டு அடுப்பு மேடைக்குப் போடும் கறுப்புக் கல் வருகிற சீமை. சுண்ணாம்புக்கல் மலைகள், அவற்றை அறுத்துக்கொண்டு போகும் ஆழமான பள்ளத்தாக்குகள். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக முழங்கால் காரணமாக விலகிவிட, குழுவில் மிஞ்சியது தலைவரும் அவர் மகளும்தான்.

நண்பனுக்கு முன்னால் ஒருவரை அங்கே அழைத்துப் போயிருக்கிறார்கள். அத்தை வழியில் வந்த வரன், பாங்க்கில் வேலை. பள்ளத்தில் பாதி இறங்கியவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு தனியாக மேலே ஏறி, மத்தியான பஸ்ஸைப் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்து, பெண் பிடிக்கவில்லை என்று சொல்லி அனுப்பினார். "பெண்ணைக் குத்தம் சொன்னா நாம என்ன செய்யக் கிடக்கு, வண்டி பள்ளமே முழுசா இறங்கல" என்று அப்பா ஃபைலை மூடிவிட்டார்.

நண்பன் ஏரிக்கரையில் ஓடியதற்குக் காரணம் இந்தப் பாங்க்காரர்.

"அவ அப்பாரு இன்னாத்த பாப்பாரு மச்சான்? கால பாப்பாரா, மூச்ச பாப்பாரா?" என்று தினமும் கேட்டான்.

"நீ போய் அவரையே கேளேன்."

"கேட்டா சொல்லிடுவாரா? கொஸ்டின் பேப்பர எவன்னா முன்னாடியே குடுப்பானா?"

ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வந்தது. துணைக்கு நான் போனேன். குவார்ட்டர்ஸ் வீட்டில் எல்லாம் எண்ணெய் போட்டது போல் இருந்தது. கதவு சத்தமில்லாமல் திறந்தது. நண்பனை உட்காரச் சொல்லும் முன் அப்பா அவனை இரண்டு பக்கமும் நடந்து பார்த்தார்.

"ஷெட்டுல நிப்பாட்டி வச்சிருந்தா எல்லா வண்டியும் நல்ல வண்டிதான் தம்பி. லோடு ஏத்தி, பள்ளத்துல விட்டு ஏத்தத்துல ஏத்துனாத்தான் எஞ்சின் என்ன பேசுதுன்னு தெரியும்."

"ஆமா சார்."

"வெளியாள் ஒருத்தர் கூட வரணும். ரெண்டு பக்கமும் சேராதவரு. அது முறை." என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன வேலை பாக்கிய?"

பத்திரிகையில் உதவி ஆசிரியன் என்றேன்.

"அப்பம் நீங்களே வாங்க. பாத்ததைத்தான எழுதுவீங்க."

ஆமாம் என்றேன். என் அலுவலகத்தில் யாரும் என்னிடம் இவ்வளவு நம்பிக்கையாக அதைச் சொன்னதில்லை.

உள்ளேயிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது. "காலு கையி ஒடிஞ்சா யாரு பாக்கது? அவுக அம்மைக்கு நான்லா பதில் சொல்லணும்." காப்பி கொண்டுவந்த பெண், டம்ளரை நண்பனிடம் கொடுத்துவிட்டு, "நான் லீவு சொல்லிட்டேன்" என்று அப்பாவிடம் சொன்னாள். அவளும் வருகிறாள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

புறப்படும் நாளன்று காக்கித் துணியில் தைத்த நான்கு முதுகுப் பைகள் கூடத்தில் வரிசையாக நின்றன. ஒன்றில் கயிறும் மருந்தும்: அது அவருக்கு. ஒன்றில் சாப்பாடு: அது மகளுக்கு. ஒன்றில் தண்ணீர்: அது எனக்கு. நான்காவதில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. "ஓடுத வண்டிக்கு லோடு என்னன்னு தெரியண்டாம்" என்றார். அதன் வாயை ஒரு வினோதமான முடிச்சால் கட்டியிருந்தார். ஜன்னல் கம்பியில் வில் தராசை மாட்டி அந்தப் பையைத் தொங்கவிட்டு என்னை எண்ணைப் படிக்கச் சொன்னார். பதினொன்றரைக் கிலோ என்று படித்தேன். அதற்குள் இருந்தவை இரும்பு வட்டுகள் என்று பிறகு தெரிந்தது. பூந்தமல்லியில் பழைய இரும்புக் கடையில் காசு கொடுத்து வாங்கியவை. தொழிற்சாலையிலிருந்து ஓர் ஆணியைக்கூட அவர் வெளியே கொண்டுவந்தவர் இல்லை.

நண்பன் தன் பங்குக்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தான். பட்டறையில் காலில் இரும்பு விழுந்தாலும் நசுங்காதபடி, முனையில் எஃகுத் தகடு வைத்த ஷூ தருவார்கள். உலகத்திலேயே உறுதியான ஷூ அதுதான் என்று அவன் நம்பினான். உறுதியானதுதான். மடங்கவே மடங்காது.

அரக்கோணத்தில் வண்டி மாறி, காலையில் கடப்பை ஜில்லாவில் ஒரு சின்ன ஊரில் இறங்கி, குளித்து உடைமாற்ற ஒரு சத்திரத்தில் அறை எடுத்தோம். அதுவரை நண்பன் தன் பையை ஒழுங்காகச் சுமந்தான். பஸ்ஸுக்குப் புறப்படும்போது, அதே கனத்தை எதிர்பார்த்து மூச்சை அடக்கி ஒரே இழுப்பாக இழுத்தான். பை பறந்து வந்தது. அவன் பின்னால் இரண்டடி போய்ச் சுவரில் சாய்ந்து நின்றான்.

அப்பா குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் பெண் இரும்பு வட்டுகளை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒரு தலையணையையும் இரண்டு போர்வையையும் அடைத்து வைத்திருந்தாள். எல்லாம் வீட்டிலிருந்தே கொண்டுவந்தவை. நண்பனைத் தாண்டிப் போகும்போது மெதுவாகச் சொன்னாள்: "கனமா இருக்கிற மாதிரி நடங்க."

அவன் நடிப்புக்குப் பழகியவன் அல்ல. சத்திரத்துப் படியில் வில்லாக வளைந்து இறங்கினான். தெருவில் முனகினான். பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் முனகினான்.

"உக்காந்திருக்கும்போது என்னத்துக்கு முனகுதாரு?" என்று அப்பா என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அப்போது எனக்கு உண்மையாகவே தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கியபின்தான் நண்பன் என்னிடம் சொன்னான்.

மலை என்று நான் நினைத்து வந்தது அங்கே இல்லை. அண்ணாந்து பார்க்க உச்சி எதுவும் கிடையாது. முள்ளும் காய்ந்த புல்லுமாக நிலம் சமமாகப் போய்க்கொண்டேயிருந்து, ஓர் இடத்தில் சட்டென்று இல்லாமல் போயிற்று. கீழே, வெகு ஆழத்தில், பச்சையாக ஒரு கோடு தண்ணீர். இரண்டு பக்கச் சுவரும் மெல்லிய பாளம் பாளமாக, எங்கள் அலுவலகக் கிடங்கில் கட்டிப் போட்டிருக்கும் பழைய செய்தித்தாள்கள் போல அடுக்கியிருந்தன. அந்த அடுக்குகளின் விளிம்புகளில் ஒட்டிக்கொண்டு இறங்கியது பாதை. பாதை எது என்று காட்டியவை ஆட்டுப் புழுக்கைகள் மட்டும்தான்.

சுண்ணாம்புக்கல்லை மழை தின்னும் என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். சில இடத்தில் கல் கத்திபோல் நின்றது. சில இடத்தில் தரையிலேயே துளை. உள்ளே ஒரு கல்லைப் போட்டால் சத்தம் யோசித்துவிட்டு வந்தது. மேலே கறுத்திருந்த பாறை, உடைந்த இடத்தில் சாம்பல் நிறமாகப் பளிச்சிட்டது. பாளங்களை மிதித்தால் வெண்கலம் போல் ஒலித்தன. எங்கள் மூவர் செருப்புக்கும் ஷூவுக்கும் மெதுவாக ஒலித்தவை, நண்பனின் எஃகு முனைக்கு டங் டங் என்று பள்ளத்தாக்கு முழுக்க அறிவித்தன. எதிர்ச் சுவரிலிருந்து புறாக்கள் கிளம்பிப் போயின.

அப்பா பாதையின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் வைத்திருந்தார். தொழிற்சாலையில் வண்டி ஓட்டிப் பார்க்கும் தடத்தில் உள்ள அதே பெயர்கள். "இது சைடு ஸ்லோப். வண்டி சாஞ்சு போகணும், கவுறக் கூடாது." நண்பன் சாய்ந்து போனான். "இது டிச். தாண்டணும்." தாண்டினான். கனமே இல்லாத பையோடு தாண்டியதால் தேவைக்கு மேல் தாண்டி, அப்புறம் நினைவு வந்து முனகினான். அப்பா நின்று அவனைப் பார்த்தார்.

"பதினொண்ணரைக் கிலோவோட நல்லாத் தாண்டுதீயளே தம்பி."

"பழக்கம் சார். டெய்லி ஏரிக்கர."

"நல்லது. கீழ போனதும் பையை மறு எடை போட்டுருவோம். இறக்கத்துல லோடு சிந்தியிருக்கான்னு பாக்கணும்லா."

அவர் திரும்பி நடந்தார். பெண் அப்படியே நின்றுவிட்டாள். பாங்க்காரர் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டதால் அவருக்கு மறு எடை நடக்கவில்லை. அப்படி ஒரு கட்டம் உண்டு என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. நண்பனைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் பின்னால் வேகமாகப் போய், அந்தப் புறாக்களைப் பற்றி ஏதோ கேட்டு, அவரைப் பேசவைத்து முன்னால் அழைத்துப் போனாள். வளைவில் இருவரும் மறைந்தார்கள்.

"மச்சான், மாட்டிக்கினோம்."

"நீ மாட்டிக்கிட்டே. நான் வெளியாள்."

"வெளியாளாம். ஏரிக்கரைல எங்கூட சுத்திக்கினு இருந்தியே, அப்ப இன்னா ஆளு?" பையைக் கழற்றிக் கீழே போட்டான். அது பூனை உட்கார்வது போல ஓசையில்லாமல் உட்கார்ந்தது. "இப்ப இதத் தராசுல மாட்டுனா முள்ளு அசையாது மாமே. தலகாணிக்கு இன்னா வெயிட்டு கீது? அத்தோட என் கல்யாணம் காலி."

சுற்றிலும் பார்த்தான். எதைத் தேடுகிறான் என்று எனக்குப் புரியும் முன் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"வெயிட்டுக்கு இன்னா பஞ்சம்? மலையே கீதே."

முடிச்சைப் பல்லால் அவிழ்த்தான். தலையணையையும் போர்வைகளையும் வெளியே இழுத்துவிட்டு, கைக்கு அடங்கும் கல்லாகப் பொறுக்கி உள்ளே போடத் தொடங்கினான். நாள் முழுக்க போல்ட் பெட்டி தூக்குகிறவன். கையில் எடுத்தாலே எடை சொல்லிவிடுவேன் என்றான். நான் ஒரு பாறையில் உட்கார்ந்து பார்த்தேன்.

வேறு ஒருவரும் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஒரு பாளத்தில், கிழிந்த குடையைப் பிடித்தபடி ஆடு மேய்க்கும் அம்மாள் ஒருத்தி. மலையிலிருந்து கல்லைத் திருடும் ஆட்களை அவள் பார்த்திருக்கக் கூடும். அவர்கள் லாரியில் வருவார்கள். முதுகுப்பையில் திருடுகிறவனை அன்றுதான் பார்த்தாள் போலிருக்கிறது.

"ராள்ளு எந்துகய்யா?" என்றாள். கல் எதற்கு என்கிறாள்.

நண்பனுக்குப் பட்டறைத் தெலுங்கு கொஞ்சம் உண்டு. "பெள்ளிக்கி" என்றான். கல்யாணத்துக்கு.

அவள் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். மெட்ராஸ் பக்கத்துக் கல்யாணத்தில் அப்படி ஒரு சடங்கு இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டாள் போலும். கீழே இறங்கி வந்து, நண்பன் போட்டதில் கோணலான இரண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, கல்யாணத்துக்குத் தகுந்தாற்போல் வழவழப்பாக, கனமாக, மூன்று தேர்ந்து உள்ளே வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு நேரம் இல்லை. கீழேயிருந்து அப்பா கூப்பிட்டார். தலையணையை என்ன செய்வது என்று அவன் திகைத்தபோது அந்த அம்மாள் அதை வாங்கி ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். போர்வைகளையும் வாங்கிக்கொண்டாள். நண்பன் பையின் வாயைத் தனக்குத் தெரிந்த முடிச்சால் கட்டித் தூக்கினான். இந்த முறை முனகல் அசலானது.

அடிவாரத்தில் ஓர் அத்திமரம். அதன் கீழே தண்ணீர் பச்சையாகத் தேங்கியிருந்தது. அப்பா கால் கழுவி, கிளையில் தராசை மாட்டிக் காத்திருந்தார். நண்பன் பையை மாட்டினான். கிளை வளைந்தது. என்னைப் படிக்கச் சொன்னார்.

"பதிமூணு" என்றேன்.

அவர் பையை இறக்கினார். தராசைத் தட்டினார். தண்ணீர்ப் பாட்டிலை மாட்டிப் பார்த்தார். அது சரியாகக் காட்டியது. மறுபடி பையை மாட்டினார். பதிமூன்று.

"இறக்கத்துல லோடு குறையும். கொஞ்சம் சிந்தும், அது சகஜம். கூடி நான் பாத்ததில்ல." நண்பனிடம் திரும்பினார். "என்ன தம்பி, வழியில ஏதும் சேத்தீங்களா?"

"இல்ல சார். வேர்வையா இருக்கும்."

"ஒண்ணரைக் கிலோ வேர்வை."

"ரொம்ப வேர்த்துச்சு சார்."

அப்பா பையைத் திறந்தார். ஒரு கல்லை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, நகத்தால் கீறி, பக்கத்துப் பாறையோடு ஒட்டவைத்துப் பார்த்தார். "இது இந்த ஊருக் கல்லுல்லா" என்றார். குரலில் கோபம் இல்லை, ஆராய்ச்சிதான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க. என்ன பாத்தீய?"

நண்பன் என்னைப் பார்த்தான். பெண் என்னைப் பார்த்தாள். செய்தியில் என்ன நடந்தது என்பதை முதல் வரியில் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் அலுவலகப் பாடம்.

"பையில துணிதான் இருந்துச்சு. அதை எடுத்துட்டு அவர் கல்லு போட்டார். நான் பாத்தேன்."

"இரும்பை எடுத்தது யாரு?"

"அதை நான் பாக்கல."

"நான்தான் சார் எடுத்தேன்" என்றான் நண்பன். "சத்திரத்துல. வெயிட்டு தாங்கல."

அப்பா தலையை ஆட்டினார். "சத்திரத்தை விட்டுப் பொறப்படும்போது நான் முடிச்சைப் பாத்தேன். என் முடிச்சுதான் இருந்தது. அந்த முடிச்சு எங்க வீட்டுல ரெண்டு பேருக்குத்தான் போடத் தெரியும். ஒண்ணு நான்." மகளைப் பார்த்தார். "என்னளா இது?"

"நான்தாம்ப்பா எடுத்தேன்."

"எதுக்கு?"

"அவர் தேறணும்னு."

தண்ணீர் ஓரத்தில் ஒரு தவளை குதித்தது. அப்பா அதையும் கவனித்தார். பிறகு, வேலையில் இத்தனை வருடமாக ஒரு சோதனையும் கெட்டுப்போகாத மனிதரின் வருத்தத்தோடு, "அப்பம் போன தடவை அந்தப் பாங்க்காரப் பையனுக்குச் சரியாத்தான் நடந்தது, இந்தத் தடவைதான் இப்பிடி ஆயிட்டு" என்றார்.

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். "அப்பவும் சரியா நடக்கலப்பா" என்றாள். "அவர் பையில நான் அம்மிக் குழவியை வச்சேன்."

நண்பன் பாறையில் உட்கார்ந்துவிட்டான்.

"நம்ம வீட்டு அம்மிக் குழவியா? உங்க அம்மை வேலைக்காரி மேல சந்தேகப்பட்டு ஆளையே மாத்துனாளே."

"ஆமாப்பா."

அவருக்கு எது அதிகம் வலித்தது என்று எனக்குத் தெரியும், மகள் செய்ததல்ல. "தப்பான அளவால கழிச்ச உருப்படி ஒண்ணு விடாம திரும்ப வரவழைச்சு மறுபடி சோதிக்கணும். அதுதான் முறை" என்றார் மெதுவாக. "அந்தப் பையனுக்கு நான் என்ன சொல்லி ஆளனுப்ப?"

இப்படி ஒரு திசையில் காரியம் திரும்பும் என்று நண்பன் ஏரிக்கரையில் ஓடிய எந்தக் காலையிலும் நினைத்திருக்க மாட்டான். எழுந்து நின்றான். "சார், அவர ஏன் சார் திரும்ப…" என்றான்.

"அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சுப்பா" என்றாள் பெண். "குழந்தைகூட இருக்கு. அத்தை சொன்னாங்க."

அப்பா நிம்மதியாக மூச்சு விட்டார். "வண்டி டெஸ்பாட்ச் ஆயிட்டு. அப்பம் ஒண்ணும் செய்ய முடியாது."

மகள் சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். புளியோதரை சாப்பிட்டோம். நண்பன் இரண்டு கவளத்தோடு இலையை மூடிவிட்டான். அப்பா கை கழுவி வந்து, தொழிற்சாலையில் டீவியேஷன் என்று ஒன்று உண்டு என்று என்னிடம் விளக்கத் தொடங்கினார். செய்த பொருள் வரைபடத்தில் உள்ளபடி முழுக்க இல்லை. ஆனால் வேலைக்கு ஆகும். அப்போது அதைக் கழிக்காமல், இன்ன குறை இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, அதைப் பயன்படுத்தப் போகிறவர் சம்மதித்தால் எடுத்துக்கொள்ளலாம். என்னிடம்தான் சொன்னார், கேட்டுக்கொண்டிருந்தது மற்ற இருவர்.

"குறை தெரிஞ்சுதான் எடுக்கியா?" என்று மகளிடம் கேட்டார்.

"தெரிஞ்சுதாம்ப்பா."

"இன்னா கொறை சார்?" என்றான் நண்பன்.

"எடை போடத் தெரியல. நடிக்கத் தெரியல. பொய் சொல்லவும் வரல."

அப்பா பையின் வாயைத் தன் முடிச்சால் இறுக்கிக் கட்டினார். கற்கள் உள்ளேயே இருந்தன.

"ஆனா ஓட்டம் பாதிதான் முடிஞ்சிருக்கு. ஏத்தம் பாக்கி. ஏத்தம் ஏறாத வண்டிக்கு டீவியேஷனும் கிடையாது. பதிமூணு கிலோவோட மேல வரணும். வழியில ஒரு கல்லு குறைஞ்சாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வரிசையை மாற்றினார். மகளைத் தன் முன்னால் விட்டார். அவள் கை பைப் பக்கம் போகக் கூடாது. நண்பனை அடுத்து, அவனுக்குப் பின்னால் என்னை, சாட்சியாக.

ஏற்றம் எதிர்ச் சுவரில். வெயில் முழுக்க அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. கல் சூடாக இருந்தது. கையை ஊன்றினால் எடுக்க வேண்டியிருந்தது, ஊன்றாமலும் முடியவில்லை. எஃகு முனை ஷூ விளிம்புகளில் நிற்க மறுத்தது. கால் மடங்காததால் நண்பன் பக்கவாட்டில், நண்டு போல ஏறினான். முனகல் நின்றுபோயிருந்தது. பாதி வழியில் ஒரு திருப்பத்தில் பை அவனைப் பின்னால் இழுக்க, இரண்டு கையாலும் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டு கல்லு எடுத்துரு மச்சான்" என்றான் மெதுவாக, திரும்பாமல். "அந்தம்மா வச்சாளே, அந்த வழவழ கல்லு."

"முடிச்சு எனக்கு அவிழ்க்கத் தெரியாது."

"பல்லால கட்ச்சி அவுத்துடு."

நான் பதில் சொல்வதற்குள், மேலே போய்க்கொண்டிருந்த பெண் நின்று குனிந்து பார்த்தாள். "வேணாம்" என்றாள், அவனிடம். "வந்துடுவீங்க." அவ்வளவுதான் சொன்னாள். அப்பா திரும்பவில்லை, ஆனால் அவரும் நின்றிருந்தார்.

நண்பன் ஷூக்களைக் கழற்றினான். அவற்றின் நாடாவால் இரண்டையும் பிணைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். அவற்றின் கனமும் சேர்ந்துகொண்டது. வெறுங்காலால் சூட்டுக்கல்லில் மாறி மாறி வைத்து ஏறியபோது அவன் வேகம் கூடியதற்குக் காரணம் உறுதியா, சூடா என்று பின்னால் வந்த என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வெயில் சாய்ந்தபோது மேலே சமதரை வந்தது. நண்பன் பையோடு அப்படியே மல்லாந்து விழுந்தான். கல் மேல் கல் படுத்ததால் அவனுக்கு அது சுகமாக இருந்திருக்காது. அப்பா அவன் தோளிலிருந்து வாரைக் கழற்றி, ஒரு முள்மரத்தின் கிளையில் தராசை மாட்டிப் பையைத் தொங்கவிட்டார். என்னைக் கூப்பிட்டார். பதிமூன்று என்று படித்தேன். அவரும் குனிந்து படித்தார். தராசைத் துடைத்துத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார். தூரத்தில் மண்சாலையில் புழுதி கிளம்பியது. கடைசி பஸ் வந்துகொண்டிருந்தது.

"தம்பி," என்றார் என்னிடம், "பஸ்ஸு வருது. மாப்பிள்ளைக்கு ஒரு கை குடுங்க, எந்திரிக்கட்டும்."

சொல்லிவிட்டு, பஸ்ஸை நிறுத்தச் சாலையை நோக்கி வேகமாக நடந்தார்.

நண்பன் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்காலை ஊதிக்கொள்ள முயன்றுகொண்டிருந்தான். உள்ளங்கால் வாய்க்கு எட்டவில்லை. அவர் சொன்னது அவன் காதில் விழவே இல்லை. நான் கை கொடுத்தேன்.

"இன்னா மச்சான் சொல்றாரு?" என்றான். "பாஸா, பெயிலா?"

நான் வாயைத் திறந்தேன். பெண் குறுக்கே வந்து அவனுடைய ஷூக்களைக் கழுத்திலிருந்து எடுத்துக்கொண்டாள். "பஸ்ல சொல்றேன், நடங்க" என்றாள்.

அவன் நொண்டிக்கொண்டே நடந்தான். கல் பையைக் கிளையிலிருந்து இறக்க ஆள் இல்லை. நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.